கணிப்பொறியில் மாற்றம் புகுத்தும் முறை

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்பன அன்று குறிக்கப்பட்ட அளவுகள். கணிப்பொறியில் வரவு செலவு பதிவதை உறுப்பினர் பலர் கண்டிருப்பர். ஆனால், அக்கணக்கிற்கு அடிப்படையான விதிகளை அதற்குள் எவ்வாறு மாற்றுகிறார்கள் என்பதைச் சிலரே அறிவர். அதனை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

வட்டி விகிதம், தவணை நாள், ரசீதின் படிவம், யார் எதைத் திருத்தலாம் என்னும் அதிகாரம் ஆகியவை மென்பொருளின் அமைவுகள். உறுப்பினரின் பெயர், கடன், பாக்கி ஆகியவை தரவுகள். நெசவாளர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஜக்கார்டு அட்டை போன்றது அமைவு. நெய்த சேலை போன்றது தரவு. அட்டையை வேறொரு தறிக்கு மாற்றினால் கோலம் செல்லும், சேலை செல்லாது.

1972இல் ஜெர்மனியில் தோன்றிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். இதில் வழக்கமாக மூன்று அமைப்புகள் தனித்தனியே இயங்கும். முதலாவதில் மாற்றம் செய்வர், இரண்டாவதில் சோதிப்பர், மூன்றாவதில்தான் உண்மைக் கணக்கு நடைபெறும். அதில் எவரும் நேரே கை வைக்காதபடி பூட்டி வைப்பதே முறை.

முதல் அமைப்பில் செய்யும் மாற்றம் ஒரு கட்டில் பதிவாகும். கட்டிற்கு எண் உண்டு. பொறுப்பாளர் பெயரும் உண்டு. வேலை முடிந்து கட்டினை விடுவித்த பின், அதில் வேறெதையும் சேர்க்க இயலாது. அதே கட்டு இரண்டாம் அமைப்பில் சோதனை தேறி, பின்னரே மூன்றாவதற்குச் செல்லும்.

இதில் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, வரிசை. ஒரே அமைவைப் பற்றிய இரு கட்டுகள் முன்பின்னாகச் சென்றால், பழைய மாற்றம் புதியதன் மீது ஏறி அதனை அழித்துவிடும். இரண்டாவது, சில அமைவுகள் தாமாகக் கட்டில் சேர்வதில்லை. ஆவணங்களுக்கு எண் வழங்கும் வரிசை அத்தகையது. அதனைப் பெயர்த்தால், ஏற்கெனவே வழங்கிய எண் மீண்டும் வழங்கப்படும் அபாயம் உண்டு. மூன்றாவது, சேர்ந்த கட்டினை எளிதில் திரும்பப் பெற இயலாது. பிழையைத் திருத்த மற்றொரு கட்டே அனுப்பவேண்டும்.

இவ்வொழுங்கு தவறினால் விளைவது யாது? அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம், 2012இல் தன் 8 சேவைக் கணிப்பொறிகளில் புதிய நிரலை ஏற்ற முற்பட்டது. 7இல் ஏறியது, ஒன்றில் விடுபட்டது. அவ்வொன்றில் கிடந்த பழைய நிரல் ஆகஸ்ட் 1ஆம் நாள் விழித்துக்கொண்டு, சுமார் 45 நிமிடங்களில் வேண்டாத பங்குகளை வாங்கி விற்றுத் தள்ளியது. நட்டம் 44 கோடி டாலருக்கு மேல். ஏற்றிய வேலையை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவேண்டும் என்னும் எழுத்து மூலமான விதி அங்கு இல்லை என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர்க் கண்டது.

நம் சங்கத்தின் தொகை சிறிது. ஆயினும் பயிர்க் கடனுக்குத் தவறான வட்டி ஏறினால், அது உறுப்பினர் ஒவ்வொருவரின் பாக்கியிலும் ஏறும். ஆகவே, வட்டி மாற்றம் கணிப்பொறியில் ஏறும் போதெல்லாம் நிர்வாகக் குழுவினர் நான்கு கேள்விகள் கேட்பார்களாக: எந்தத் தீர்மானத்தின்படி இம்மாற்றம்? யார் செய்தார்? செய்தவர் அல்லாத வேறு யார் சோதித்தார்? எந்த நாள், எந்த வரிசையில் சேர்ந்தது? இவற்றிற்கு விடை சொல்ல இயலாத மாற்றம், தீர்மானப் புத்தகத்தில் ஏறாத செலவுச் சீட்டுக்கு ஒப்பானது. அத்தகைய சீட்டினைத் தணிக்கையில் நாம் ஏற்பதில்லை, இதனையும் ஏற்றலாகாது.