மிதிவண்டியின் பின்னே ஒரு மழலை வண்டி



என் மகளின் இடது குதிகாலில் ஒரு தழும்பு உண்டு. அதற்குக் காரணம் நானே. அவளுக்கு நான்கு வயதாயிருந்தபொழுது, இராசபாளையத்திலிருந்து சோழபுரத்திற்குச் சைக்கிளின் பின்புறக் கேரியரில் அவளை அமர்த்தி வந்தேன். உறக்கக் கலக்கத்தில் தொங்கிய சிறு கால், சுழலும் சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கிடையே புகுந்துவிட்டது. கம்பிக்கும் சட்டத்திற்கும் நடுவே குதிகால் நசுங்கிற்று. பௌதிகம் போதித்தவன் நான். சக்கரத்தின் இருபுறமும் ஒரு கம்பிவலையைக் கட்டத் தோன்றவில்லை!

உங்களுள் பலர், 11-ஆம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டியில் தம்பி தங்கையரை ஏற்றிச் செல்கின்றீர்கள். ஆதலால் இதனைக் கூறத் துணிந்தேன்.

அதே மகள் இன்று இரு குழந்தைகளுக்குத் தாய். ஒன்றுக்கு வயது இரண்டு, மற்றொன்றுக்கு நான்கு. அவர்களை அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்ல, சைக்கிளின் பின்னே பூட்டி இழுக்கும் 'டிரெய்லர்' என்னும் சிறு வண்டியை வாங்கலாமா என்று என்னைக் கேட்டாள்.

நம் நாட்டுத் தாய்மார் இதுகாறும் இவ்வண்டியின்றியே சமாளித்து வந்துள்ளனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சித் தலைவராயிருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். முன்கம்பியில் ஒரு குழந்தை, பின்னே மற்றொன்று, போதாக்குறைக்குத் தண்ணீர்க் குடங்கள் என்று அவர்கள் சென்ற காட்சி ஊரறிந்தது. அவர்தம் துணிவை நான் போற்றுகிறேன். எனினும், அவ்வாறு செல்லுகையில் சைக்கிள் சாய்ந்தால் குழந்தையும் கூடவே விழும். கேரியரில் உள்ள குழந்தையின் தலை தரைக்கு ஒரு மீட்டருக்கும் மேலே இருப்பதை மறக்கலாகாது.

இழுவண்டியிலோ குழந்தை தரைக்கு வெகு அருகே, இரு சக்கரங்களுக்கு நடுவே அமர்கிறது. நல்ல வண்டியின் இணைப்பு எப்பக்கமும் திரும்பும் தன்மையுடையது. முன்னே சைக்கிள் சாய்ந்தாலும் பின்வண்டி பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். இவ்விணைப்பைத்தான் முதலில் ஆராய வேண்டும். அது பின்சக்கரத்தின் அச்சருகே தாழ்வாகப் பொருந்துவது நலம். இருக்கைத் தண்டில் உயரமாகப் பூட்டினால் இழுவிசை சைக்கிளைத் தள்ளாடச் செய்யும். நம் கனத்த சைக்கிள்களில் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு ஆகிய அனைத்தின் கால்களும் அந்த அச்சிலேயே மாட்டப்பட்டிருக்கும். இணைப்புத் தகட்டையும் செருகி நட்டை முழுதும் முடுக்க மரை மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிடில், எவ்வளவு விலையுயர்ந்த வண்டியாயினும் அந்தச் சைக்கிளுக்கு அது ஆகாது. கடையாணி கழன்றாலும் வண்டி பிரிந்து ஓடாதபடி தடுக்கும் வார் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

பாரத்தைப் பற்றி நம்மூர் மாட்டுவண்டிக்காரருக்குப் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். முன்பாரம் மிகுந்தால் காளையின் கழுத்து நோகும். இங்கும் அதுவே. பையையும் பாத்திரத்தையும் வண்டியின் பின்கோடியில் திணித்தால், இணைப்பு மேல்நோக்கி உந்தப்பட்டுச் சைக்கிளின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். ஒரு குழந்தை மட்டும் செல்லும்பொழுது நடுவே அமர்த்த வேண்டும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஓட்டுநரும் சைக்கிளுமாக 80 கிலோ. வண்டி 12, குழந்தைகள் 28, ஆக மொத்தம் 120 கிலோ எனக் கொள்க. பிரேக்கின் விசை மாறாதிருக்க, முன்பு 4 மீட்டரில் நின்ற சைக்கிள் இப்பொழுது நிற்க 6 மீட்டர் வேண்டும். மழைநாளில் விளிம்பு நனைந்துவிட்டால் இன்னும் மிகுதி. வளைவிலும் எச்சரிக்கை தேவை. சக்கரங்களின் இடைவெளி 70 செ.மீ., புவியீர்ப்பு மையத்தின் உயரம் 40 செ.மீ. என்றால், 5 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 23 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் உட்சக்கரம் தரையை விட்டெழும். வெளிச்சக்கரம் வளைவில் பள்ளத்தில் இறங்கினால் அதற்கும் முன்னரே கவிழக்கூடும். மோட்டார் சைக்கிளின் பின்னே இதனைப் பூட்டலாகாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

தோள்கள், இடுப்பு, கால்களின் நடு ஆகிய இடங்களைப் பிணிக்கும் வார்கள், விரல் சக்கரத்தை எட்டாதபடி பக்க மறைப்பு, உயர்ந்த கொடி, இரவில் ஒளிரும் தகடுகள் இவை இன்றியமையாதன. ஐரோப்பியத் தர விதி இஎன் 15918-இன்படி செய்யப்பட்டதா என்றும் விசாரிக்கலாம். ஓராண்டு நிறையாத மகவை ஏற்றவே கூடாது. தலைக்கவசம் அணிவித்து அமர்த்திப் பாருங்கள். இருக்கையின் முதுகுப்புறம் குழிவின்றியிருந்தால் கவசம் குழந்தையின் கழுத்தை முன்னே தள்ளிவிடும். கடைகளில் இதனைச் சோதிப்போரை நான் கண்டதில்லை.

வண்டி எவ்வளவு நன்றாயிருப்பினும் சாலை கெட்டதாயின் பயனில்லை. லாரியின் உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இத்தாழ்ந்த வண்டி எளிதில் புலப்படாது. அகலமும் மிகுதி, சைக்கிள் நுழைந்த இடைவெளியில் பின்வண்டி இடித்துக்கொள்ளும்.

என் மகள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஒரு வண்டியை வரவழைத்தாள். முதல் வாரம் 28 கிலோ மணல்மூட்டையே அதில் பயணம் செய்தது! இப்பொழுது குழந்தைகள் கண்மாய்க்கரைப் பாதை வழியே அங்கன்வாடிக்குச் செல்கின்றனர். இராசபாளையத்திற்குப் பேருந்துதான். ஆடிக்காற்று வீசும் நாட்களில் வண்டியின் துணிக்கூரை பாய்போல் உப்பிவிடுவதால், சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டே போகிறாள்.