வழித்துணைக்கு என்ன பெயர்?

போன மாசம் அக்கா மகள் தென்னூர் வீட்டுக்கு வந்திருந்தாள். போனில் ஒரு மங்காவைக் காட்டினாள். (மாங்கா இல்லைங்க, மங்கா. ஜப்பானியப் படக்கதை.) முப்பது பக்கம் இருக்கும். இரண்டு ஆண்கள், ஒரு ராத்திரி ரயில். ஒருவன் தூங்குகிறான், மற்றவன் போர்வையை இழுத்துவிடுகிறான். கடைசிப் பக்கம் காலி பிளாட்பாரம். அவ்வளவுதான்.

"என்ன தோணுது மாமா?"

"நல்ல ஃப்ரெண்ட்ஸ்" என்றேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று போனை வாங்கிக்கொண்டாள். அந்தக் குரல் மனசை விட்டுப் போகவில்லை. இந்தக் குறிப்பு அதற்காகத்தான்.

இந்த வகைக்குச் சொந்த வரலாறு உண்டு. 1970களில் தகெமியா கெய்கோ, ஹாகியோ மோதோ போன்ற பெண் ஓவியர்கள் பெண்கள் பத்திரிகைகளில் ஆண்களுக்கிடையிலான காதலை வரையத் தொடங்கினார்கள். பிறகு ரசிகர்களே வரைந்த சிறு கதைகளுக்கு 'யாவோய்' என்று பெயர் வந்தது. உச்சம் இல்லை, முடிவு இல்லை, அர்த்தம் இல்லை என்ற மூன்று சொற்களைச் சுருக்கிய கிண்டல் அது. கிண்டலானாலும் ஒரு உண்மை இருக்கிறது. முப்பது பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. மிச்சத்தை வாசகர்தான் நிரப்ப வேண்டும்.

அதற்குப் பயணம் ரொம்பத் தோதான களம். வீட்டில் இருந்தால் அம்மா, மாமா, பக்கத்து வீடு என்று ஆளாளுக்கு உறவுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். ரயிலில் அந்தப் பெயர்கள் கூட வருவதில்லை. 'இவங்க ரெண்டு பேரும் யாரு?' என்ற கேள்வி நேரே வாசகரிடம் வந்து நிற்கிறது. அதனால் வாசகர் சொல்லும் பதில், கதையைவிட வாசகரைப் பற்றியே அதிகம் சொல்லிவிடுகிறது.

ஜப்பானிலேயே ஒரு உதாரணம் பாருங்கள். ஜிப்பென்ஷா இக்கு 1802-ல் தொடங்கிய 'ஹிசாகுரிகே' யாஜி, கிதா என்ற இருவரின் நடைப்பயணக் கதை. சத்திரம், சாப்பாடு, ஏமாற்று என்று ஒரே சிரிப்பு. இருவருக்கும் பழைய உறவு உண்டு என்பதை 1814-ல் வந்த முன்கதை சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலும் இது சிரிப்புக் கதையாகவே வாசிக்கப்பட்டது. பின்னாளில் ஷிரியாகாரி கோத்தோபுகி தன் மங்காவில் அதே இருவரை வெளிப்படையான காதலர்களாகவே இசே கோயிலுக்கு அனுப்பினார். அது 2005-ல் சினிமாவாகவும் வந்தது. ஆட்களும் மாறவில்லை, பயணமும் மாறவில்லை. வாசிப்புதான் மாறியது.

எதிர்ப்பும் வந்தது. 1992-ல் சாத்தோ மசாகி என்ற தன்பாலீர்ப்பு ஆண், இந்தக் கதைகள் எங்களைப் பெண்களின் கற்பனைக்கான பொம்மைகளாக்குகின்றன என்று கோபமாக எழுதினார். நியாயமான கோபம். அதற்குப் பெண்கள் சொன்ன பதில்களில் ஒன்று: ஒருத்தி அடங்கிப்போகத் தேவையில்லாத காதலை வேறு எங்கே கற்பனை செய்வது? இதுவும் நியாயம்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தென்னூரிலிருந்து உறையூர் நடந்தே போய்விடலாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்ட கதையைப் புறநானூறு சொல்கிறது. நேரில் பார்த்தே இராத பிசிராந்தையாருக்கு ஒரு இடம் ஒதுக்கச் சொல்கிறான். வருவாரா என்று சுற்றி இருந்தவர்களுக்குச் சந்தேகம். பாண்டிய நாட்டிலிருந்து அவர் வந்தே விடுகிறார், தானும் வடக்கிருக்கிறார். அதைக் கண்ட பொத்தியாரின் பாட்டு 217-ஆவது. நட்பு என்ற சொல் அதிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வருவது வியப்பு.

அவர்கள் காதலர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டு அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்வது வரிசையைப் பற்றி. பொத்தியார் முதலில் வியந்தார், பிறகு பெயர் சொன்னார். நான் வியக்கவே இல்லை, நேரே பெயருக்குப் போய்விட்டேன். 'நட்பு' நம்மிடம் பெரிய சொல். பெரிய சொல் என்பதாலேயே எதையும் போட்டு மூட வசதியான சொல்லும்கூட. வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவு வழக்கில் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல்தான். அதுவரை 'ஃப்ரெண்டு' என்ற சொல் பலருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. வாடகை வீடு தேடும்போது இன்றைக்கும் பலருக்கு அப்படித்தான். ஒளிந்திருப்பவர் தானே சொல்வது வேறு, நான் அவர் மேல் ஒட்டுவது வேறு.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் பண்ணினேன். அந்தக் கதையை மறுபடி அனுப்பச் சொன்னேன்.

"எதுக்கு மாமா?"

"அன்னிக்கு சரியாப் படிக்கலை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலு கதை இருக்கு, எல்லாத்தையும் அனுப்பவா?" என்றாள்.