திறந்தால் அதே தாழ்வாரம்

2014 ஆகஸ்ட் 12. பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்களுக்கு 'பி.டி.' என்ற சிறு வீடியோ விளையாட்டு இலவசமாகக் கிடைத்தது. தயாரித்தவர் பெயரோ யாரும் கேள்விப்படாதது. ஒரு வீட்டுத் தாழ்வாரம். கோடிக் கதவைத் திறந்தால் மீண்டும் அதே தாழ்வாரம். கூடவே ஒரு பெண் பேய். புதிரை விடுவிக்க ஒரு வாரமாவது ஆகும் என்பது உண்மையில் அதை உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவின் கணக்கு. ரசிகர்களுக்குச் சில மணி நேரமே போதுமானதாக இருந்தது. முடிவில் கிடைத்தது, 'சைலண்ட் ஹில்ஸ்' வரப்போகிறது என்ற அறிவிப்பு. கூட்டாளி, மெக்சிகோ இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ. ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. (அலறுவதற்கு இத்தனை ஆவலா என்று கேட்காதீர்கள்.)

2015 ஏப்ரலில் கோனாமி நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. முன்னோட்டமும் விற்பனைத் தளத்திலிருந்து மறைந்தது. அது பதிவாகியிருந்த பழைய கருவிகளுக்குச் சிலர் ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொன்னார்கள். தவறி அழித்தவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் திரும்பக் கிடைக்கவில்லை.