நடக்க உதவும் மாத்திரையும் அதன் தொந்தரவுகளும்

நமது சங்கக் கூட்டங்களுக்கு என் மனைவி கைத்தடியுடன் வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "மூட்டு வலியா?" என்று அக்கறையோடு விசாரிப்பவர்கள் உண்டு. மூட்டு வலி அல்ல; மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் நரம்பு நோய். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். இந்த நோயால் நடை தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் ஃபாம்ப்ரிடின் என்ற மாத்திரையைப் பற்றி எழுதும்படி, இதே நோயுள்ள ஒரு குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் மருத்துவன் அல்லன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

கசிவும் அடைப்பும்

ரயில் பாதையில் இரு தண்டவாளங்கள் வழியாகவும் மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி, மறுமுனையில் உள்ள ரிலேயை இயங்க வைப்போம். மழைக்காலத்தில் ஜல்லி நனைந்து சேறு படிந்துவிட்டால், மின்னோட்டம் நடுவழியிலேயே கசிந்துவிடும். ரிலே விழுந்துவிடும். வண்டியே இல்லாத பாதைக்குச் சிவப்பு விளக்கு எரியும்.

எம்.எஸ். நோயிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறை சிதைகிறது. உறை போன இடத்தில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் திறந்து கிடக்கின்றன. மூளை காலுக்கு அனுப்பும் உத்தரவு அங்கே வலுவிழந்து போகிறது. ஃபாம்ப்ரிடின் இந்த வாசல்களை அடைக்கிறது. உத்தரவு கால் வரை போய்ச் சேருகிறது. உறையை அது பழுது பார்ப்பதில்லை, நோயையும் குணப்படுத்துவதில்லை. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் டால்ஃபாம்ப்ரிடின் என்ற பெயரில் இதற்கு அனுமதி கிடைத்தது.

பக்க விளைவுகளின் காரணமும் இங்கேயே இருக்கிறது. மாத்திரைக்குக் கெட்ட நரம்பு எது, நல்ல நரம்பு எது என்று தெரியாது. நல்ல நரம்புகளும் சற்றுக் கூடுதலாகத் துடிப்படைகின்றன. தூக்கமின்மை, தலைசுற்றல், தலைவலி, குமட்டல் எல்லாம் அதனால் வருபவை. அளவு மிஞ்சினால் வலிப்பே வரலாம். இதைப் புரிந்துகொண்டால், மாத்திரையின் அளவோடும் நேரத்தோடும் விளையாடக் கூடாது என்பது தானே விளங்கும்.

கடிகாரமே காவலன்

10 மில்லிகிராம் மாத்திரை, 12 மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு. அதற்கு மேல் கிடையாது. மருந்து மெதுவாக வெளிவரும்படி செய்யப்பட்ட மாத்திரை இது. உடைத்தோ பொடித்தோ மென்றோ சாப்பிட்டால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். "பாதியாக உடைத்துப் போட்டால் தொந்தரவு குறையுமே" என்று ஊரிலிருந்து போனில் யோசனை சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய அன்புக்கு நன்றி சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் உடைக்காதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவதும் கூடாது.

ஊருக்கு ரயிலில் போகும்போது மாத்திரையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் மாத்திரை நேரம் தாமதமாகக் கூடாது.

தூக்கம் கெட்டால்

மருந்துச் சோதனைகளில் இதைச் சாப்பிட்டவர்களில் 100க்கு 9 பேருக்குத் தூக்கமின்மை இருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 பேருக்கு. என் மனைவி அந்த 9 பேர் கட்சி. முதல் மாதம் இரவு இரண்டு மணிக்கும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அவள் சொன்ன பதில் இது: "பாத்ரூமுக்கு இன்னொருத்தர் தோளைப் பிடிக்காம போக முடியுதே, அதை விட மாட்டேன். தூக்கத்துக்கு வேற வழி பார்ப்போம்."

மருத்துவரைக் கேட்டு, எட்டு மணிக்குப் போட்ட மாத்திரைகளைக் காலை 6, மாலை 6 என்று முன்னுக்குக் கொண்டுவந்தோம். இடைவெளி மாறவில்லை. பிற்பகல் மூன்றுக்கு மேல் காபி இல்லை. பகல் தூக்கம் அரை மணிதான். நாளடைவில் இரவுத் தூக்கம் ஓரளவு திரும்பியது. எல்லோருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாலை மாத்திரையை நீங்களாக நிறுத்துவதற்கு முன், மருத்துவரிடம் நேரம் மாற்றுவது பற்றிப் பேசுங்கள்.

தலைசுற்றலுக்கு எங்கள் வழக்கம் எளிது. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகே நிற்பது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி. நடை தேறிவிட்டதே என்று கைத்தடியை மூலையில் போடாமல் இருப்பது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

இந்த மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அதிகம் காணப்படும் புகார்களில் சிறுநீர்த் தொற்று முக்கியமானது. பயணத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று நம் பெண்கள் தண்ணீரையே குடிக்காமல் இருப்பார்கள். அது தொற்றுக்கு வாசலைத் திறந்து வைப்பதாகும். எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, காய்ச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. உடம்பு சூடானால் உறையிழந்த நரம்பு இன்னும் சோர்ந்துபோகும். ஊத்தாஃப் என்ற ஜெர்மானிய கண் மருத்துவர் 1890ஆம் ஆண்டிலேயே இதன் ஒரு வடிவத்தை, உடல் உழைப்பின்போது பார்வை மங்குவதை, கவனித்து எழுதினார். நம் நாக்பூரில் மே மாதம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் கால் துவண்டால், மாத்திரை கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வெயிலா, காய்ச்சலா என்று முதலில் பாருங்கள்.

சிறுநீரகமும் வலிப்பும்

இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து இரத்தத்தில் தேங்கும்; வலிப்பு அபாயம் கூடும். ஆகவே தொடங்கும் முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். வயதானவர்களுக்கு இது மேலும் முக்கியம். எப்போதாவது வலிப்பு வந்தவர்கள் இம்மாத்திரையைத் தொடவே கூடாது. வயிற்றுப் புண்ணுக்கான சிமெடிடின் போன்ற சில மருந்துகளும் இதன் அளவை இரத்தத்தில் கூட்டும். எனவே சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாத்திரை அன்றோடு சரி. மறுபடியும் தொடங்கக் கூடாது.

பலன் உண்டா என்று அளந்து பாருங்கள்

எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை. இரண்டு பெரிய சோதனைகளில் 100க்கு 35 பேருக்கும் 43 பேருக்குமே நடை வேகத்தில் தொடர்ச்சியான முன்னேற்றம் தெரிந்தது. பலன் இல்லாதவர் தொந்தரவை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? மருத்துவர்கள் 25 அடி தூரத்தை நடக்க வைத்து நேரம் பார்ப்பார்கள். நாங்களும் வீட்டு நடையில் சாக்பீஸால் கோடு போட்டோம். மாத்திரைக்கு முன் 14 வினாடி. மூன்று வாரம் கழித்து 11 வினாடி. வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் கூடியிருந்தது. நேரம், தூக்கம், தலைசுற்றல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து, மருத்துவரிடம் கொண்டுபோனோம். தொடரலாமா, நிறுத்தலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே அவர் முடிவு செய்தார்.

சொந்த ஊரை விட்டு வந்து, உறவினர் அருகில் இல்லாமல் இந்த நோயோடு இருப்பவர்கள் தனியே தவிக்க வேண்டியதில்லை. 1985இல் தொடங்கப்பட்ட மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் இந்நோய் இடம்பெற்றுள்ளது. நம் சங்க அன்பர்களில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால், கூச்சப்படாமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நோட்டையும் காட்டுகிறோம்; காபியும் தருகிறோம், மூன்று மணிக்கு முன் வந்தால்.