கால் முந்துமா, தாளம் முந்துமா?

பாரிஸ், 1913 மே 29. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த 'வசந்தத்தின் சடங்கு' பாலே முதன்முறையாக மேடையேறியது. பழகிய இலக்கணத்துக்கு அடங்காத ஆட்டத்தைப் பார்த்து அரங்கில் கூச்சல் கிளம்பியது. பெரிய வாத்தியக் குழு முழங்கியும் ஆடுபவர்களின் காதுக்கு இசை சரியாக எட்டவில்லை. நிஜின்ஸ்கி பக்கத் திரை மறைவில் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்திச் சொன்னார். குழலும் வயலினும் கேட்காவிட்டாலும் ஆட்டக்காரர் சமாளித்துவிடுவார். தாளம் கைவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

அலங்காரங்களை எல்லாம் கழித்துவிட்டு, தாளமும் உடலும் மட்டும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்க அந்தமானுக்குப் போக வேண்டும். 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், பெரிய அந்தமானியரின் இரவு நடனங்களை விரிவாகப் பதிவு செய்தார். அவருக்கு முன்பே ஆங்கிலேய அதிகாரிகளான மேன், போர்ட்மன் இருவரும் அவற்றைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த மக்களிடம் இருந்த வாத்தியம் ஒன்றே ஒன்று: படாக் மரத்தில் கேடயம் போல் செதுக்கிய ஒரு பலகை. குழிந்த பக்கம் தரையைப் பார்க்கும். பாடுபவர் ஒரு காலைப் பலகைமேல் வைத்துக் குதிகாலால் மிதிப்பார். பரதநாட்டியத்தில் நட்டுவனார் தட்டுக்கழியால் தட்டுமனையில் தாளம் தட்டிச் செய்வதை இவர் காலாலேயே செய்தார். பாடியதும் அவரே இயற்றிய பாட்டு. ஓரமாக வரிசையில் அமர்ந்த பெண்கள் அதை வாங்கிப் பாடி, தொடையில் கைதட்டித் தாளம் காத்தார்கள்.

அடவும் எளிமையானதுதான். வலக்காலில் ஒரு சிறு துள்ளல்; இடக்காலைத் தூக்கித் தரையில் பின்னோக்கி ஒரு தேய்ப்பு; மறுபடி வலக்காலில் ஒரு துள்ளல். மூன்று அசைவுகள் இரண்டு தட்டுகளுக்குள் முடியும். வலக்கால் சோர்ந்தால் இடக்காலுக்கு மாறிக்கொள்வார்கள்.

காட்டு நடுவே இந்த ஆட்டத்துக்கு ஒரு பலகையின் ஓசை போதுமா? போதும். பலகைக்கும் தரைக்கும் இடையே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்வதால் மிதியோசை கனக்கிறது. நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அது மரங்களை வளைந்து சுற்றிக் கடந்துவிடும். 5,000 அதிர்வுள்ள கீச்சொலியின் அலை 7 சென்டிமீட்டர்தான்; இலையிலும் தண்டிலும் பட்டுச் சிதறிவிடும்.

வியப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓர் ஓசையைக் கேட்டு உடல் அசைய, நொடியில் ஏழில் ஒரு பங்காவது பிடிக்கும். தட்டைக் கேட்டபின் காலைத் தூக்கினால் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர் பிந்திவிடுவார். அப்படிப் பிந்துவதில்லை. சீரான தட்டுக்கு விரலால் தாளம் போடச் சொல்லி அளந்தால், பெரும்பாலோரின் விரல் ஓசைக்குச் சற்று முன்னதாகவே விழுகிறது. அடுத்த தட்டு எப்போது வரும் என்று மூளை கணித்து, கட்டளையை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. ஆடுவது தாளத்தைப் பின்தொடர்வது அல்ல. அதைக் காத்திருந்து எதிர்கொள்வது.

ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்துத் தாளம் கேட்பவரின் மூளையில்கூட, அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோய் பாதிப்பதும் அந்த வலைப்பின்னலைத்தான். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் நோயாளிகள் பலர், சீரான தட்டு கேட்டால் எட்டு வைக்கிறார்கள். உள்ளே பழுதான கடிகாரத்துக்கு வெளியிலிருந்து வரும் ஓசை பதிலாள் ஆகிறது. பர்செல், ஹாண்டல் போன்றோரின் செவ்வியல் இசைக்குத் தற்கால நடனங்கள் அமைத்துப் புகழ்பெற்ற மார்க் மோரிஸின் குழு, 2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடன வகுப்பு தொடங்கியது. பிறகு பல நாடுகளில் அது பரவியது.

தனி உடலைத் தாளம் நடத்துவது இப்படி. பல உடல்களை அது என்ன செய்கிறது? தாளத்துக்கு உட்படும் ஒவ்வொருவரும் தன் விருப்பத்தை விட்டுக் கூட்டத்தோடு ஒன்றுகிறார், அந்த ஒற்றுமை தரும் மகிழ்ச்சியே நடனத்தின் பயன் என்று 1922இல் வெளிவந்த தன் நூலில் ராட்கிளிஃப்-பிரவுன் வாதிட்டார். 2015இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களிடம் இதற்கு நெருக்கமான ஒன்றை அளந்தார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடிய குழுக்களில் வலி தாங்கும் எல்லை உயர்ந்தது; ஒருவரோடொருவர் நெருக்கமும் கூடியது.

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் அமைந்தபின் பரவிய நோய்கள் பெரிய அந்தமானியரைச் சிதைத்துவிட்டன; இன்று எஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேரே. ஆனால் ஆய்வுக்கூடம் இப்போது அளப்பதை அவர்கள் நடைமுறையில் அறிந்திருந்தார்கள். வடக்கு அந்தமானில் பகைகொண்ட இரு கூட்டத்தார் சமாதானம் ஆவதற்கென்றே ஒரு நடனம் இருந்தது. ஒரு தரப்பினர் ஆடிக்கொண்டே நெருங்கி, அசையாமல் நிற்கும் மறு தரப்பினரைப் பிடித்து உலுக்குவார்கள். கோபத்தை அடக்கச் சொல்லவில்லை. அதைத் தாளத்தில் ஏற்றித் தீர்த்துக்கொள்ள வழி செய்தார்கள்.