நிரல் குறிப்புரை

நிரல் குறிப்புரை என்பது மூலநிரலைப் படிப்பவர்களுக்காக அதனுள் எழுதப்படும் விளக்கம் ஆகும். கணினி இதை இயக்காது. பைத்தான் மொழியில் இது # குறியுடன் தொடங்கும்.

ஒரு வரி என்ன செய்கிறது என்பதை நிரலே காட்டும். ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதையே குறிப்புரை சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, குமரி மாவட்டத்தின் 'தக்கலை' என்னும் ஊர்ப்பெயரில் 4 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது த, க, புள்ளி, க, ல, ஐகாரக் குறி என 6 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. பைத்தானில் நேரடியாக நீளம் கேட்டால் 6 என்றே விடை வரும். எனவே ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரலகம் எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது.

"புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடுகள், நேரடியாக எண்ணக்கூடாது" என ஒரு வரி இல்லையெனில், தமிழ் அறியாத பங்களிப்பாளர் இப்பகுதியைத் தேவையற்றது எனக் கருதி நீக்கிவிடக்கூடும். நிரலை மாற்றும்போது குறிப்புரையையும் திருத்த வேண்டும். பழைய குறிப்புரை படிப்பவரைத் தவறான வழியில் செலுத்தும்.