சண்முகனார் ஊருக்கு ஒரு மின்நூலகம்

சோழவந்தான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெற்றிலைதான் நினைவுக்கு வரும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொஞ்சம் வயதானவர்கள் டி.ஆர். மகாலிங்கத்தின் குரலைச் சொல்வார்கள், பக்கத்துத் தென்கரைக்காரர் ஆயிற்றே! இதே ஊர்த் தமிழறிஞர் அரசஞ்சண்முகனாரைச் சொல்ல இப்போது தமிழாசிரியர்களை விட்டால் ஆள் குறைவு. 1868-இல் பிறந்து 1915-இல் மறைந்தவர். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கு மட்டுமே தனியாக விருத்தியுரை எழுதியவர். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுச் செய்யுள்களால் ஒரு நூலே செய்தவர்.

இப்படிப்பட்ட நூல்களை மறுபதிப்புப் போட்டுக் கைச்சேதப்பட எந்தப் பதிப்பாளர் வருவார்? ஊர் கூடித்தான் இந்தத் தேரை இழுத்து, அவற்றை மின்நூலாக்க வேண்டும். வழிகாட்ட, பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். கட்டடமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய, வேறொரு நாட்டில் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில் தொடங்கி, ஒருங்குறிக்கும் மாறி வந்துவிட்டார்கள்.

இன்று பக்கத்தைப் படம் எடுத்தால் எழுத்தைக் கணினியே படித்துத் தருகிறது. ஆனால் பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ வேறு. மாலைமாற்றில் ஓரெழுத்துப் பிசகினாலும் பாட்டே போச்சு. என்னைக் கேட்டால், ஸ்கேனருக்குப் பணம் திரட்டுவதைவிட மெய்ப்புப் பார்க்க ஆள் பிடிப்பதுதான் பெரிய வேலை.

இலக்கியம் மட்டும் போதுமா? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஈழத்தமிழர்கள், 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்நூலகத்தில் பழைய பத்திரிகை, பள்ளி மலர், இறந்தவர் நினைவாக அச்சிட்ட சிறுநூல் வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் ஜெனகை மாரியம்மன் திருவிழா நோட்டீசு, நாடக விளம்பரம், வெற்றிலைக் கொடிக்கால் குத்தகைச் சீட்டு என்று ஏதாவது எந்தப் பெட்டியிலாவது கிடக்கும். அவற்றை யாரும் மறுபடி அச்சடிக்கப் போவதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்காது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூலுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை; சண்முகனார் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழந்தாள் ஏதும் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஊர்த் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.